ஜெர்மனி ஜல்லியில் பழனி அண்ணன்

எங்கள் வடக்குப்பட்டு ரோட்டில் பொங்கலுக்கு முன்னால் ஜல்லி கொட்டினார்கள். அடுத்து தார் வரும் என்று ஊரே காத்திருந்தது. மே மாதம் நான் ஊரை விட்டுக் கிளம்பும்போதும் ஜல்லி அப்படியேதான் கிடந்தது. ஸ்கூட்டியில் போனால் தாடை ஆடும். சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பேசாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். தார் போடச் சொல்லி மனு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அப்படிப்பட்டவளை விமானத்தில் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பி, அங்கே ஒரு அம்மாள், "வாருங்கள், மூன்று நாள் ஜல்லிப் பாதையில் சைக்கிள் ஓட்டலாம், சொர்க்கம் போல இருக்கும்" என்று கூப்பிட்டால் நான் என்ன செய்வேன்? வாய்விட்டுச் சிரித்தேன். அவர் அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். புதிதாக ஒரு மெஷின் வாங்குகிறோம். அதைக் கற்றுக்கொண்டு வர இரண்டு பேரை ஆறு வாரம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஒன்று ஸ்டெல்லாவாகிய நான். இன்னொருவர் எங்கள் லைன் லீடர் பழனி அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி கேட்டுக்கு உள்ளே நான் அவருக்கு மேடம், கேட்டைத் தாண்டினால் தங்கச்சி. ஜெர்மனியில் கேட் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாததால் இரண்டையும் கலந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஊர்சுலா. மெஷின் செய்யும் கம்பெனியில் முப்பது வருட சர்வீஸ், ஆறடி உயரம், கெண்டைக்கால் ஒவ்வொன்றும் பலாக்காய் பருமன். சைக்கிள் பைத்தியம். அதிலும் தார் ரோடு பிடிக்காது. பவேரியாவில் ஆல்ட்மூல் என்று ஒரு ஆறு இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் இயற்கைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஆற்றங்கரை, காடு, மேடு என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஜல்லிப் பாதை. அதில் ஓட்டுவதற்கென்றே தனி சைக்கிள், தனி டயர், தனி சட்டை. முதல் வாரம் எங்களுக்கு விருந்து வைத்தபோது, பெந்தகோஸ்து திருநாளுக்கு வரும் மூன்று நாள் விடுமுறையில் எங்களையும் அங்கே அழைத்துப் போவதாகச் சொன்னார்.

"சைக்கிள் ஓட்டுவீர்கள்தானே?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன். வடக்குப்பட்டிலிருந்து ஐந்து வருடம் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனவள் நான்.

"யெஸ் மேடம்," என்றார் பழனி அண்ணன். "டெய்லி."

எனக்கு உருளைக்கிழங்கு தொண்டையில் நின்றது. தினமும் இவர் வேலைக்கு வருவது கம்பெனி பஸ்ஸில். மற்றபடி எங்கே போனாலும் பைக். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ண்ணா, நீங்க சைக்கிள் ஓட்டி நான் பாத்ததே இல்லியே?"

"தெரிஞ்சாத்தான ஓட்டறதுக்கு?"

"அப்புறம் இன்னாத்துக்கு யெஸ்னு சொன்னீங்க?"

"கஸ்டமர் வந்து முடியுமான்னு கேட்டா நம்ம இன்னா சொல்லுவோம்? முடியும்னுதான? மொதல்ல யெஸ்ஸு. அப்பால ஓடியாடி எப்பிடியோ முடிச்சுக் குடுத்துற்றதில்ல?"

"இங்க நாமதாண்ணா கஸ்டமர்!"

நடுத்தெருவில் நின்று யோசித்தார். "அட, ஆமா இல்ல? வாயி பழகிப்போச்சு தங்கச்சி."

சொல்லிவிடலாம், ஊர்சுலா ஒன்றும் நினைக்க மாட்டார் என்றேன். அவர் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதில் அவர் வீட்டில் சைக்கிள் கிடையாது. வேலைக்கு வந்து நேராக பைக் வாங்கிவிட்டார். அவருடைய மகள் யாழினிக்கு பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தார்கள். கொடுத்த நாளிலிருந்து அவள் கேட்பது ஒன்றே ஒன்று. "அப்பா, என்னைப் பின்னாடி உக்கார வச்சு வல்லக்கோட்டை கோயிலுக்கு ஓட்டுப்பா." பெற்ற மகளிடம் சைக்கிள் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, முட்டி வலி என்று சொல்லி வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக அதே முட்டி வலி. இப்போது அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஜூலையில் கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள்.

"அவ போறதுக்குள்ள ஒரு தபா ஓட்டிக் காமிக்கணும் தங்கச்சி. நம்ம ஊர்ல கத்துக்கினா ஊரே வந்து வேடிக்கை பாக்கும். இங்க யாருக்கு என்னைத் தெரியும்? நீ புடிச்சுக்கோ, நான் வுழறேன்."

இப்படிக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் கார் நிறுத்த ஒரு காலி இடம் இருந்தது. அங்கேயும் ஜல்லிதான். ராத்திரி ஒன்பது வரை வெயில் அடிக்கிற ஊர் என்பதால் வேலை முடிந்து வந்து நான் சீட்டைப் பிடிக்க, அவர் விழ, இப்படியே ஓடியது. இரண்டு வாரத்தில் பழனி அண்ணன் சைக்கிள் ஓட்டினார். ஆனால் ஏறத் தெரியாது, இறங்கவும் தெரியாது. உயரமான ஏதாவது ஒன்றின் மேல் கால் வைத்து ஏறுவார். நிற்க வேண்டுமானால் சுவர் வேண்டும்.

விடுமுறையின் முதல் நாள், சனிக்கிழமை. ஊர்சுலா முந்தின நாளே பள்ளத்தாக்கில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கொடுத்திருந்த இரண்டு ஜல்லி சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் ரயிலில் வர வேண்டும், அவர் ஸ்டேஷனில் நிற்பார். இதுதான் ஏற்பாடு. ஜெர்மன் ரயிலில் சைக்கிளுக்கென்று தனிப் பெட்டி, அதற்கு பெல்ட் கூட உண்டு. எங்கள் ஊரில் மனிதர்களுக்கே பிடித்துக்கொள்ளக் கம்பி கிடைக்காது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஆட்களுக்கு ஒரு திறமை உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்த நிமிடம் தூங்கிவிடுவோம். அதேபோல் இறங்குகிற இடத்தில் தானாக விழிப்போம். என்னை எழுப்புவது வல்லக்கோட்டைக்கு அடுத்த ஸ்பீடு பிரேக்கர். பழனி அண்ணனை எழுப்புவது அதற்கடுத்த பள்ளம். எத்தனை வருடமானாலும் இது தவறியதில்லை. அதே நம்பிக்கையில் ரயிலிலும் கண்ணை மூடினோம். அந்த ரயிலோ தண்ணீரில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு பள்ளம் இல்லை. பெட்டியைப் பெருக்க வந்தவர் என் தோளைத் தட்டியபோது ரயில் கடைசி ஸ்டேஷனில் காலியாக நின்றுகொண்டிருந்தது.

"ஒரு ஸ்பீடு பிரேக்கர் கூட இல்லாம இன்னா ரயிலு வுடறானுங்க," என்று பழனி அண்ணன் கோபித்துக்கொண்டார்.

ஊர்சுலாவுக்கு போன் போட்டேன். சிரித்தார். திரும்பி வர இரண்டு மணி நேரத்துக்கு ரயில் இல்லையாம். "கவலையே வேண்டாம். அந்த ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது. கரையோரமாகவே வாருங்கள், முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். முழுக்க அருமையான ஜல்லி. பழனிதான் தினமும் ஓட்டுகிறவராயிற்றே!"

பழனி அண்ணன் ஏறுவதற்கு உயரமான எதையாவது தேடிச் சுற்றிலும் பார்த்தார்.

பிளாட்பாரத்து பெஞ்சில் ஒரு காலை வைத்து ஏறினார். ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரை நடுவில் பிடித்துக்கொண்டார். போனோம். போனோம் என்றால், உண்மையிலேயே போனோம். ஸ்டேஷனைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஆற்றங்கரையில் இறங்கியதும் சக்கரத்துக்குக் கீழே பொடி ஜல்லி அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் போட்டது. ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் பாறைகள், ஒவ்வொன்றும் நாலு மாடி உயரம். நடுவில் புல்வெளி முழுக்கப் பூ. எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. ஒரகடம் ரோட்டில் சைக்கிள் ஓட்டும்போது முதுகில் கண் வேண்டும், எந்தக் கண்டெய்னர் லாரி எப்போது உரசும் என்று தெரியாது. நான் பத்து வருடத்துக்கு முன்பே சைக்கிளை விட்டதற்குக் காரணம் அந்தப் பயம்தான். இங்கே பின்னால் வருவது காற்று மட்டும். கையை விட்டுவிட்டு ஓட்டினேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம், உடம்பு மறக்கவில்லை.

அந்த ஆறு போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. கரை முட்டத் தண்ணீர் இருக்கிறது, ஆனால் நகர மாட்டேன் என்கிறது. எங்கள் பாலாற்றைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஆற்றில் தண்ணீர் இருப்பதே வேடிக்கைதான். ஒரு இலை மிதந்து போனது. பழனி அண்ணன் அதை முந்தினார்.

"ஓவர்டேக்கு தங்கச்சி! பாத்தியா?"

பெல்லை விடவே மாட்டார். வளைவுக்கு ஒரு பெல், மரத்துக்கு ஒரு பெல், எதிரே வருகிறவருக்கு ஒன்று, அவருடைய நாய்க்கு ஒன்று. ஊரில் ஹாரன் அடிப்பது மரியாதை, நான் வருகிறேன் ஐயா என்று சொல்வது. அந்த ஊரில் அது சண்டைக்கு இழுப்பதாம். ஒரு தாத்தா ஒதுங்கி நின்று கைத்தடியை ஆட்டி ஏதோ கத்தினார். பழனி அண்ணன் அவருக்கும் ஒரு பெல் அடித்துவிட்டுப் போனார்.

பசி வந்தது. ஆற்றோரம் செஸ்ட்நட் மரத்தடியில் நீளமான மேசைகள் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. வெண்ணெயில் வெங்காயம் பொரிகிற வாசனை. "ண்ணா, நிறுத்துங்க!" என்றேன்.

"சொவரு எங்க கீது?"

சுவர் இல்லை. கடையைத் தாண்டிப் போய்விட்டோம். அடுத்த கடையிலும் சுவர் இல்லை. மூன்றாவது கடையில் வேலி இருந்தது, ஆனால் அதில் ரோஜா. ஓட்டிக்கொண்டே என் பையிலிருந்த முறுக்கை எடுத்து நீட்டினேன். ஒரு கையை எடுத்தால் விழுந்துவிடுவார் என்பதால் வாயில் வைத்தேன். இப்படி ஒரு லைன் லீடருக்கு முறுக்கு ஊட்டிக்கொண்டே நான் ஜெர்மனியைப் பார்த்தேன்.

அவரைக் கடைசியில் நிறுத்தியது ஆடுகள். மேட்டிலிருந்து நூறு, நூற்றைம்பது செம்மறி ஆடுகள் பாதையைக் கடந்து ஆற்றுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. பழனி அண்ணன் தெரிந்த ஒரே வழியில் பெல் அடித்தார். ஆடுகள் விலகவில்லை, திரும்பிப் பார்த்தன. இன்னும் அடித்தார். எல்லாம் அவரைப் பார்த்து வர ஆரம்பித்தன. நாலாபக்கமும் ஆடு சூழ்ந்து சைக்கிள் நின்றேவிட்டது. சாய்ந்தார். ஆனால் விழ இடம் இல்லை. ஒரு பெரிய ஆட்டின் மேல் மெத்தையில் சாய்வது போலச் சாய்ந்து, பயத்தில் இன்னும் பெல் அடித்துக்கொண்டிருந்தார்.

மேய்ப்பர் ஓடிவந்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. எங்கள் நிறத்தைப் பார்த்து எந்த பாஷை என்று சைகையில் கேட்டார். "தமிழ்," என்றேன். போனில் எதையோ தேடி எடுத்து, அதனிடம் கோபமாகப் பேசி, எங்கள் முகத்துக்கு நேராக நீட்டினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பது போலச் சொன்னது: "தயவுசெய்து மணி ஒலிப்பதை நிறுத்தவும். எனது ஆடுகள் தங்களைத் தலைமை ஆடாகக் கருதுகின்றன."

அந்த மந்தையில் முன்னால் போகும் ஆட்டின் கழுத்தில் மணி இருக்கிறது, மற்றவை அந்தச் சத்தத்தைப் பின்பற்றும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தேன். முதலில் முறைத்த மேய்ப்பரும் சிரித்தார். அவரே சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, ஒரு பாறை மேல் கால் வைத்து பழனி அண்ணன் மறுபடி ஏறினார். கொஞ்ச தூரத்துக்கு ஏழெட்டு ஆடுகள் பின்னாலேயே வந்தன. நம்ம லைனில் கூட இப்படி யாரும் அவர் சொன்னதைக் கேட்டதில்லை.

சாயங்காலம் ஊர்சுலாவின் தங்கை ஊருக்குள் நுழைந்தோம். நடுவில் சதுக்கம், அதில் கல்லால் ஆன நீரூற்று. ஊர்சுலா வாசலில் நின்றிருந்தார். நிறுத்துவதற்குத் தோதாக எதுவும் கிடைக்காமல் பழனி அண்ணன் நீரூற்றைச் சுற்றினார். இன்னொரு சுற்று. இன்னொன்று. வெற்றி உலா போகிறார் என்று நினைத்து ஊர்சுலா கைதட்டினார். பக்கத்து வீட்டுக்காரர்களும் வெளியே வந்து கைதட்டினார்கள். நானே ஓடிப்போய் சீட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

இரவுச் சாப்பாடு பாலாடைக்கட்டி உருக்கி ஊற்றிய தடித்த நூடுல்ஸ், மேலே பொரித்த வெங்காயம். பழனி அண்ணன் அதன் மேல் பருப்புப் பொடி தூவினார். ஊர்சுலாவின் தங்கை ஒரு வாய் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, மீதிப் பொடியை டப்பாவோடு எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு, பெந்தகோஸ்து பெருவிழா. அந்த ஊர் கோயில் கோபுரம் வெங்காயத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. காலைப் பூசைக்குப் போனேன். பாஷை புரியாவிட்டாலும் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்தது. தூய ஆவியானவரே, அன்று சீடர்கள் மேல் இறக்கிய அக்கினி நாக்கெல்லாம் எங்களுக்கு வேண்டாம், பழனி அண்ணனுக்கு பிரேக் பிடிக்கிற புத்தியை மட்டும் கொடும் என்று வேண்டிக்கொண்டேன்.

அன்று ஊர்சுலா எங்களை மேட்டுக்கு அழைத்துப் போனார். காட்டுக்குள் ஏறுகிற ஜல்லிப் பாதை. புங்க மரம் போல வழவழவென்று அடிமரம் கொண்ட மரங்கள், மேலே பச்சைப் பந்தல். ஏறும்போது மூவருமே தள்ளிக்கொண்டுதான் போனோம், அதனால் ஒன்றும் வெளியே தெரியவில்லை. உச்சியில் நின்றால் கீழே ஆறு, தரையில் விழுந்த ரிப்பன் மாதிரி வளைந்து கிடந்தது. ஊர்சுலா தெர்மாஸிலிருந்து காபி ஊற்றினார். பிறகு, "இப்போது பரிசு," என்று கீழே இறங்கும் பாதையைக் காட்டிவிட்டு முதலில் போய்விட்டார்.

பழனி அண்ணன் வெட்டிய ஒரு அடிமரத்தின் மேல் கால் வைத்து ஏறினார்.

"ண்ணா, ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிங்க. வேணாம், நடந்தே வாங்க."

"முருகன் கீறாரு தங்கச்சி."

முருகன் இருந்திருப்பார், ஆனால் பிரேக் அவர் கையில் இல்லை. பழனி அண்ணன் "வேல்! வேல்!" என்று கத்திக்கொண்டே ஊர்சுலாவை முந்திக்கொண்டு போனதை மேலிருந்து பார்த்தேன். குரலில் பயத்தை விடச் சந்தோஷம்தான் அதிகம். முதல் வளைவில் திரும்பினார். இரண்டாவதிலும் திரும்பினார். மூன்றாவது வளைவு திரும்பியது, அவர் திரும்பவில்லை.

புதருக்குள்ளிருந்து அவரை இழுத்தோம். கை கால் உடையவில்லை. வலது முட்டி மட்டும் நன்றாகச் சிராய்த்து ரத்தம் வழிந்தது, வீங்க ஆரம்பித்திருந்தது. ஊர்சுலா தண்ணீர் ஊற்றிக் கழுவி, பையிலிருந்த பேண்டேஜைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே, "தினமும் ஓட்டுகிறவர் எப்படி பிரேக்கே பிடிக்காமல் இறங்குவார்?" என்று கேட்டார். பழனி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"மேடம்," என்றார் தன் இங்கிலீஷில். "ஐ லேர்ன் சைக்கிள் ஒன்லி ஹியர். டூ வீக்ஸ்."

அந்த அம்மாள் முகம் வெள்ளையிலிருந்து இன்னும் வெள்ளையானது. அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நீங்கள் செத்திருக்கலாம். நான்தான் இங்கே கூட்டி வந்தேன். ஏன் ஆமாம் என்று சொன்னீர்கள்?"

ஊர்சுலா பேண்டேஜை முடிச்சுப் போட்டார். பிறகு கையை அப்படியே நிறுத்திவிட்டு மெதுவாக நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வை எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நான்கு வாரமாக நான் மெஷினைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் ஆமாம், புரிந்தது என்றீர்களே. அந்த சுழல் தண்டை நேர்கோட்டில் நிறுத்துவது எப்படி என்று சொன்னேனே. அது புரிந்ததா?"

காட்டில் ஒரு குயில் கூவியது. சுவர்க் கடிகாரத்தில் கூவுமே, அதே குரல்.

"நோ மேடம்," என்றார் பழனி அண்ணன்.

ஊர்சுலா என் பக்கம் திரும்பியதும் நானும் ஒப்புக்கொண்டேன். "எனக்கும் பாதிதான் புரிந்தது." இதை ஊரில் ஒரு மீட்டிங்கில் சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அந்தப் புதருக்குப் பக்கத்தில் சொன்னபோது நெஞ்சு லேசானது. உண்மையாகவே லேசானது.

ஊர்சுலா அந்தக் காடே அதிரச் சிரித்தார். "சரி. எழுந்திருங்கள். சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பத்திலிருந்து வருவோம்."

பள்ளத்தாக்கில் ஒரு மரத்தடிக் கடை. உருளைக்கிழங்கில் பிடித்த உருண்டை கொண்டுவந்து வைத்தார்கள், பூரணம் இல்லாத பெரிய கொழுக்கட்டை. ஊர்சுலா எல்லோருடைய தட்டிலிருந்தும் உருண்டைகளை எடுத்து வரிசையாக வைத்து, ஒரு நீளக் குச்சியைச் செருகினார். ஒரு உருண்டை மயிரிழை விலகினாலும் குச்சியைச் சுழற்றும்போது எல்லாம் எப்படி ஆடுகிறது என்று காட்டினார். "புரிந்ததா?" என்றார்.

பழனி அண்ணனுடைய வாய் "யெஸ்" என்று திறந்தது. மூடினார். "நோ மேடம். ஒன்ஸ் மோர்."

நாலு தரம் காட்டச் சொன்னார். நாலாவது தரத்தில் ஒரு உருண்டை உருண்டு மேசையிலிருந்து கீழே விழ, கடைக்கார நாய் அதைத் தின்றது. அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. பழனி அண்ணன் குச்சியை வாங்கி, தானே செருகி, தானே சுழற்றினார். ஒன்றும் ஆடவில்லை. சாஸ் வழிகிற கையோடு ஊர்சுலாவிடம் கைகுலுக்கினார்.

மூன்றாம் நாள் ரயிலில் போய்விடலாம் என்று ஊர்சுலா சொன்னார். முட்டி கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. பழனி அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். "அப்படியானால் முதலில் ஏற இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்," என்று காலையில் அந்த நீரூற்றுச் சதுக்கத்திலேயே பாடம் ஆரம்பித்தது. இடது கால் பெடலில், வலது கால் தரையில் உந்தி, இப்படி. பிரேக் பிடித்து, முன்னால் இறங்கி, கால் ஊன்றி, இப்படி. முந்தாநாள் கைதட்டிய பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுபடி வெளியே வந்தார்கள். வெற்றி உலா வந்த மனிதர் ஏறத் தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள். ஆனாலும் அவர் முதல் தரம் தானாக ஏறியபோது அன்றைக்கும் கைதட்டினார்கள்.

அன்று முழுக்க ஆற்றோடு போனோம். எந்தக் கடையைப் பார்த்தாலும் பழனி அண்ணன் நின்றார். பசிக்காக இல்லை, நிற்க முடிகிறது என்பதற்காக. ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஒரு பானத்தை எத்தனை இடத்தில் குடித்தார் என்று கணக்கே இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால், "வலிக்குது. ஆனா சோக்கா கீது," என்றார். பெல்லை மட்டும் தொடவில்லை. ஆட்டைக் கண்டால் தூரத்திலேயே இறங்கி நின்றுகொண்டார்.

ஊருக்குத் திரும்பினோம். வடக்குப்பட்டு ரோட்டில் ஜல்லி அப்படியேதான் கிடந்தது. ஜெர்மனிக்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள் என்று என் கணவரிடம் சொன்னேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

யாழினி கோயம்புத்தூர் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நான் பூசை முடிந்து ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பழனி அண்ணன் போய்க்கொண்டிருந்தார், மகளுடைய பள்ளிக்கூட சைக்கிளில். பின்னால் கேரியரில் யாழினி, மடியில் அர்ச்சனைக் கூடை. நான் வேகத்தைக் குறைத்தேன். முந்த மனசு வரவில்லை.

தார் முடிந்து ஜல்லி ஆரம்பிக்கிற இடம் வந்தது. அங்கே எப்போதும் நடப்பது போல இரண்டு பேர் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பழக்கத்தில் யாழினியும் குதிக்கக் காலைக் கீழே விட்டாள்.

"குந்துமா," என்றார் பழனி அண்ணன். "இதுல ஓட்டத்தான் கத்துக்கினு வந்துகீறேன்."

சைக்கிள் ஜல்லிக்குள் இறங்கியது. ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. எங்கள் ஜல்லி பொடி ஜல்லி இல்லை, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி நின்று வாயைப் பிளந்தார்கள். யாழினி ஒரு கையால் கூடையையும் மறு கையால் அப்பாவின் சட்டையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, முட்டி வலிக்கலையா?"

அவர் ஏறி மிதித்தார். வீக்கம் இன்னும் முழுசாக வடியாத வலது முட்டி, ஒவ்வொரு மிதிக்கும் சுருக்கென்றிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இப்பதாம்மா நெஜமா வலிக்குது," என்றார்.

யாழினி அவர் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். "எனக்கு அப்பவே தெரியும்பா. பரவால்ல, மிதி!"